வரும் ஆண்டுகளை எண்ணிப் பார்ப்போம்

பால்மரம் நட்ட நாளிலேயே பால் தருவதில்லை. ஒட்டுக்கன்றை நட்டபின், மரம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் சுற்றளவை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். அதுவரை களையெடுத்து, உரமிட்டுக் காத்திருப்போர் நம் தோட்ட மக்களே. ஆகவே, நம்பிக்கையோடு காத்திருத்தல் நமக்குப் புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டியதன்று. மரத்திற்குப் பயன்படுத்தும் அந்தப் பழக்கத்தைக் குடும்பத்திற்கும் பயன்படுத்துகின்றோமா என்பதே வினா.

1957இல் நாடு விடுதலை பெற்றதையொட்டி, வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கலாயினர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். வேலையோடு வீட்டையும் இழந்து தவித்தோர் பலர். அந்நாளில் அமைச்சராக விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள், தொழிலாளரே தோட்ட உரிமையாளராகும் எதிர்காலத்தைக் காட்டினார். வெறும் ஆறுதல் மொழியன்று அது. கணக்கும் உடன் இருந்தது. பங்கு ஒன்றின் விலை 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். அன்றைய கூலியில் அது சிறு தொகையன்று. ஆயினும் மக்கள் கொடுத்தனர். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பெற்றது.

இனிய கற்பனையோடு நின்றுவிடுவோர் முயற்சியில் தளர்வதையும், குறுக்கே நிற்கும் தடையையும் சேர்த்து எண்ணுவோர் முன்னேறுவதையும் ஜெர்மானிய உளவியலறிஞர் கேப்ரியல் ஏட்டிங்கன் தம் ஆய்வுகளில் கண்டுள்ளார். சம்பந்தனாரின் பத்து வெள்ளிக் கணக்கு அதை முன்னமே உணர்த்திற்று எனலாம்.

மாசாய் வட்டாரத்தையே நோக்குவோம். 1977இல் பாசிர் கூடாங் துறைமுகம் இயங்கத் தொடங்கியபின், சுற்றுப்புறத்தில் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் பெருகின. பால்மரங்கள் நின்ற நிலங்கள் பல உருமாறின. மாற்றம் வாராது என்றிருப்பதும் நம்பிக்கையாகாது. எல்லாம் போயிற்று என்று சோர்வதும் அறிவாகாது.

இன்று ஐந்தாம் ஆண்டில் பயிலும் பிள்ளை, ஆறு ஆண்டுகளில் ஐந்தாம் படிவத்தில் இருக்கும். இவ்வாண்டு நட்ட கன்றும் ஏறக்குறைய அப்போதுதான் வெட்டுக்கு வரும்! மாலையில் குடும்பத்தினர் கூடியமர்ந்து, அவ்வாண்டில் பிள்ளை என்ன பயில்கின்றது, குடும்பம் எவ்விடத்தில் வாழ்கின்றது என்பதை ஓர் ஏட்டில் எழுதுக. கீழே தடைகளையும் எழுதுக: மழைக்காலத்தில் குறையும் வருமானம், பேருந்துக் கட்டணம், பழைய கடன். ஒவ்வொன்றுக்கும் எதிரே இம்மாதம் செய்யக்கூடியது ஒன்றைக் குறிக்க வேண்டும். ஐந்து வெள்ளிச் சேமிப்பாயினும் குறிக்கலாம். பிள்ளையையே எழுதச் சொல்லுதல் நன்று; பெற்றோர் அறியாத தடைகள் அதற்குத் தெரிந்திருக்கும்.