கண்ணாடி முன் இரு கேள்விகள்

அன்புக்கொடி மக்களின் வீடுகளில் இன்று அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. பூமி 454 கோடி ஆண்டுப் பழமை உடையது என்றும், உயிர்கள் படிப்படியாக மாறி வந்தன என்றும் பிள்ளை பள்ளியில் படிக்கிறது. நிழல் தாங்கலில் திருஏடு வாசிக்கும்போது, எட்டு யுகங்களையும் குறோணி ஆறு துண்டாக வெட்டப்பட்டதையும் கேட்கிறது. வீடு திரும்பியதும், “இதில் எது உண்மை?” என்று கேட்கிறது.

“அப்படியெல்லாம் கேட்கக் கூடாது” என்று அதட்டினால் பிள்ளை கேட்பதை நிறுத்திவிடும். நாளடைவில் தாங்கலுக்கு வருவதையும் நிறுத்திவிடும். “அறிவியல் சொல்வதெல்லாம் அகிலத்தில் அன்றே இருக்கிறது” என்று சமாளிப்போரும் உண்டு. அதுவும் நல்ல வழியன்று. ஏன் என்பதை வேறொரு சமயத்தவர் வாழ்விலிருந்து அறியலாம்.

பெல்ஜியம் நாட்டின் ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. இயற்பியல் அறிஞரும் ஆவார். பிரபஞ்சம் விரிந்துகொண்டே செல்கிறது என்று 1927-இல் கணக்கிட்டுக் காட்டினார். அப்படியானால் ஆதியில் அனைத்தும் ஒரே அணுபோல் ஒடுங்கியிருக்க வேண்டும் என்று 1931-இல் எழுதினார். பின்னர் பெருவெடிப்புக் கொள்கையாக வளர்ந்தது இதுவே. இறைவனின் படைப்புக்கு இத்தகைய ஆய்வுகள் சான்று கூறுகின்றன என்ற பொருளில் 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் பேசினார். குருவான லெமைத்ர் அதைக் கேட்டு மகிழவில்லை. தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலை. அறிவியல் கொள்கை நாளை திருத்தப்படலாம். அதன்மேல் நம்பிக்கையைக் கட்டினால், கொள்கை சாயும் நாளில் நம்பிக்கையும் சாயும்.

சகலமும் ஏகத்திலிருந்து தோன்றின என்பது அய்யாவழியின் போதனை. லெமைத்ரின் அணுவைப் பற்றிக் கேட்டதும், “அதுதான் ஏகம்” என்று சொல்லத் தோன்றும். ஆனால் அணு கணக்குக்குள் அடங்குவது. ஏகம் எந்தக் கணக்குக்குள்ளும் அடங்காதது. அளவுகோல் கொண்டு ஏகத்தை நிரூபிக்கப் போவது, ஏகத்தைச் சிறிதாக்குவதாகும்.

இதற்குப் பதியின் பள்ளியறைக் கண்ணாடியே விளக்கம் தருகிறது. ஒளி பட்டுத் திரும்புவதால் அதில் உருவம் தெரிகிறது என்கிறது அறிவியல். அது உண்மை. அதன் முன் நிற்பவர் இறைவனைத் தமக்குள்ளே காண வேண்டும் என்று அய்யாவழி கற்பிக்கிறது. அதுவும் உண்மை. கண்ணாடி ஒன்று, கேள்விகள் இரண்டு. ஒன்றின் விடை மற்றொன்றை அழிப்பதில்லை.

அய்யா அருளால் அரி கோபாலன் சீடர் 1841-இல் எழுதிய அகிலத்திரட்டு அம்மானையையும் இவ்வாறே அணுக வேண்டும். பாறையின் வயதைக் கணிப்பதற்காக அது அருளப்படவில்லை. தீமை ஏன் யுகந்தோறும் வேறு வேறு வடிவில் முளைக்கிறது? கலி மனிதனுக்குள் எப்படிக் குடியேறுகிறது? தர்ம யுகத்துக்கு உரியவர் எப்படி வாழ வேண்டும்? அகிலம் விடை தருவது இவற்றுக்கே. எந்தத் தொலைநோக்கியும் இவற்றைக் காட்டாது.

மனிதர் அனைவரும் ஒரே இனம் என்று மரபியல் இன்று கூறுகிறது. அந்த ஆய்வு வரும்வரை அய்யா காத்திருக்கவில்லை. சாமிதோப்பு முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக நீராட வைத்தார். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பதை ஆய்வு தெரிவிக்கலாம். அதன்படி வாழும் மனத்தைத் தருவது தருமமே. ஆய்வைப் படித்த பின்னும் சாதி பார்ப்பவர் உண்டு. ஏட்டைக் கேட்ட பின்னும் சாதி பார்ப்பவர் உண்டு. இருவரிடமும் குறை அறிவில் இல்லை, மனத்தில்தான்.

ஆகவே பிள்ளை கேட்கும்போது அதட்ட வேண்டாம், சமாளிக்கவும் வேண்டாம். பள்ளிப் பாடத்தை நன்றாகப் படிக்கச் சொல்லலாம். பின் கைபிடித்துத் தாங்கலுக்கு அழைத்துச் சென்று, கண்ணாடி முன் நிறுத்தலாம். உலகம் எப்படி வந்தது என்பதைப் பிள்ளை படித்துக்கொள்ளும். வந்த உலகில் எப்படி வாழ்வது என்பதை அங்கே கற்றுக்கொள்ளும்.

அய்யா உண்டு.