காந்தம் காட்டும் காயம்

அமெரிக்காவில் விபத்துக்குள்ளான காரைச் செப்பனிடும் செலவு அதன் விலையை நெருங்கினால், காப்பீட்டு நிறுவனம் அதைத் தேறாதென்று கழித்துவிடும். உரிமைப் பத்திரத்தில் 'சால்வேஜ்' முத்திரை விழும. அத்தகைய ஸ்போர்ட்ஸ் கார்களையும் சிலர் வாங்கிச் செப்பனிட்டு மலிவாக விற்கின்றனர். பளபளக்கும் வண்ணத்தின் கீழே என்ன காயம் உள்ளது? இயற்பியலைக் கேட்போம்.

எஃகுத் தகட்டின் மேல் தொழிற்சாலையில் பூசும் வண்ணம் பொதுவாக 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தடிமன் உடையது. நசுங்கிய இடத்தில் பட்டி பூசிச் சமன்செய்தால் தடிமன் பல மடங்காகும். இடைவெளி கூடினால் காந்தக் கவர்ச்சி விரைவாகக் குறையும். எனவே துணியில் சுற்றிய சிறு காந்தம் அங்கே ஒட்டாமல் நழுவும்.

ஆனால் 1953-இல் வெளிவந்த கார்வெட் காரின் மேற்கூடு கண்ணாடி இழையாலானது. 1990-இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் காருடையது அலுமினியம். இவற்றில் காந்தம் ஒட்டாது. அலுமினியத்துக்குச் சுழல் மின்னோட்டத்தால் இயங்கும் தடிமன்மானி வேண்டும்.

காயம் வண்ணத்தோடு நிற்பதில்லை. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மோதும்போது காரின் முன்சட்டம் நசுங்கி அந்த ஆற்றலை ஏற்கிறது. நசுங்கிய உயர்வலிமை எஃகைச் சூடாக்கி நிமிர்த்தினால் வலிமை குறையும். அடுத்த விபத்தில் அது பயணியைக் காக்கத் தவறலாம். சட்டம் கோணியிருக்கிறதா என்றறிய அதன் இரு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுவர்.

செய்து பாருங்கள்: இரும்பு அலமாரியில் காந்தத்தை ஒட்டி, இடையே ஒவ்வொரு தாளாகச் சேருங்கள். ஒரு தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். எத்தனையாவது தாளில் காந்தம் விழுகிறது?