தொண்டும் தலைமையும்: சௌந்தரம் அம்மையார் முதல் சின்னப்பிள்ளை வரை

சமூகத் தொண்டு என்றவுடன் நம் மனக்கண்முன் பெரும்பாலும் ஒரு பெண்ணின் உருவமே தோன்றுகிறது. நோயாளிக்கு மருந்து கொடுப்பவள், பாலர் பள்ளியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவள், வீடு வீடாகச் சென்று தாய்மார்களிடம் பேசுபவள் எல்லாம் பெண்தான். ஆனால் பல தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கையை எடுத்து முதற்பக்கத்தைப் புரட்டினால், தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற இடங்களில் ஆண்களின் பெயர்களே வரிசையாக அச்சாகியிருக்கும். பணி பெண்ணுக்கு, பதவி ஆணுக்கு என்பது எழுதப்படாத ஒரு பங்கீடு. இப்பங்கீட்டை மாற்றியவர்கள் யார், அம்மாற்றம் எந்த அளவுக்கு நிலைத்தது என்பனவற்றை நம் மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரத்துச் சான்றுகளைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னையின் வரலாறு பலரும் அறிந்தது. அடையாற்றில் 1917-ஆம் ஆண்டில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1930-இல் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். துர்க்காபாய் அம்மையார் 1937-இல் ஆந்திர மகிளா சபையை நிறுவினார். இவை பெண்களே தொடங்கிப் பெண்களே நடத்திய நிறுவனங்கள். எனினும் இவை நகரத்தில் பிறந்தவை. படித்த பெண்களும், பொருளுதவி செய்யும் குடும்பங்களும், செய்தித்தாள்களும் அருகிலேயே இருந்தன. வைகைக் கரையிலும் முல்லையாற்றுக் கரையிலும் அவ்வாறு இல்லை. ஆகவே நமக்குரிய பாடத்தைச் சென்னையில் தேடுவதைவிடச் சின்னாளபட்டியில் தேடுவது பொருத்தம்.

கஸ்தூரிபா நிதியும் ஒரு நிபந்தனையும்

அன்னை கஸ்தூரிபா 1944 பிப்ரவரி 22 அன்று பூனாவில், ஆகாகான் மாளிகைச் சிறையிலேயே உயிர் நீத்தார். அவர் நினைவாக நாடெங்கும் நிதி திரட்டப்பட்டது. காந்தியடிகளின் 75-ஆம் பிறந்த நாளுக்குள் 75 இலட்ச ரூபாய் சேர்ப்பது என்பது இலக்கு. சேர்ந்ததோ ஒரு கோடிக்கு மேல். இந்த நிதி கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே செலவாக வேண்டும் என்று அடிகள் கூறினார். அதோடு நில்லாமல், அப்பணியைப் பெண்களே முன்னின்று நடத்த வேண்டும் என்றும் விரும்பினார். நம் கட்டுரைக்கு இந்த இரண்டாவது விருப்பமே முக்கியம். பெண்களுக்காகச் செலவிடுவோம் என்று சொன்னவர்கள் அதற்கு முன்னும் பலர் உண்டு. செலவிடும் பொறுப்பையே பெண்களிடம் ஒப்படைப்போம் என்பதுதான் புதுமை.

தமிழ்நாட்டில் அப்பொறுப்பை ஏற்றவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த சுந்தரம் ஐயங்காரின் மகள், 1904-இல் பிறந்தவர். இளமையிலேயே மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்தார். அக்காலத்தில் அத்தகைய பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வாழ்க்கை எது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. அவரோ டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936-இல் மருத்துவரானார். 1940-இல் ஜி. இராமச்சந்திரன் அவர்களைக் காந்தியடிகளின் ஆசியுடன் மணந்தார். சாதி கடந்த மறுமணம் அது. இருவரும் சேர்ந்து 1947 அக்டோபர் 7 அன்று திண்டுக்கல்–மதுரைச் சாலையில் சின்னாளபட்டியை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவினர்.

காந்திகிராமம் என்றதும் 1956-இல் ஏற்பட்டு, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கிராமிய நிறுவனத்தையே நம் மாணவர்கள் நினைக்கின்றனர். அதற்கு முன்பே தொடங்கியவை மருத்துவப் பணியும், கிராம சேவிகா பயிற்சியும், ஆதரவற்ற குழந்தைகள் இல்லமும். சிறு மருத்துவ நிலையமாகத் தொடங்கிய பணியே பின்னர் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. ஆத்தூர் ஒன்றியத்தில் 1959-இல் தொடங்கிய சுகாதார ஆய்வுத் திட்டம், வீடுதோறும் சென்று கணக்கெடுத்து, தாய் சேய் நலத்தையும் குடும்ப நலத்தையும் இணைத்துச் செய்து காட்டியது. இந்தியாவின் கிராம சுகாதார வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு.

இவற்றில் சேவிகா பயிற்சியையே நான் மிகப் பெரியதாகக் கருதுகிறேன். மருத்துவமனை கட்டுவதற்குப் பணம் வேண்டும். பணம் கிடைத்தால் கட்டிவிடலாம். ஆனால் அதிகம் படிக்காத ஒரு கிராமத்துப் பெண்ணுக்குப் பயிற்சி தந்து, தன் ஊரல்லாத ஊரில் தனியே தங்கி, பேறுகாலம் பார்க்கவும், பாலர் பள்ளி நடத்தவும், செலவுக் கணக்கு எழுதவும் அனுப்புவது எளிதன்று. "யார் வீட்டுப் பெண்? ஏன் தனியாக வந்திருக்கிறாள்?" என்னும் கேள்விகளை அவள் தாண்டியாக வேண்டும். கேட்டவர்களின் வீட்டிலேயே ஒரு நள்ளிரவில் பேறுகால வலி எடுத்து, அவளைத் தேடி வரும்போதுதான் அக்கேள்விகள் அடங்கும்.

அம்மையார் சட்டமன்றத்துக்கும் பின்னர் 1962-இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டு, மத்திய கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். அதே 1962-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1984-இல் மறைந்தார். அவருடைய ஆதரவில் படித்து உயர்ந்தவர்களுள் ஒருவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1926-இல் ஒடுக்கப்பட்ட குடும்பமொன்றில் பிறந்த இவர், பூதான இயக்கத்தில் நடையாய் நடந்தவர். 1968-இல் கீழ்வெண்மணியில் நடந்த கொடுமைக்குப் பின் தஞ்சைப் பகுதிக்குச் சென்று தங்கினார். 1981-இல் 'லாஃப்டி' என்னும் அமைப்பைக் கணவருடன் நிறுவி, நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் கிடைக்கச் செய்தார். பட்டாவைப் பெண்களின் பெயரில் எழுதச் செய்தார். ஒரு தலைவி இன்னொரு தலைவியை உருவாக்கினார் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. சௌந்தரம் அம்மையாருக்குச் செல்வக் குடும்பம் இருந்தது. மருத்துவப் பட்டம் இருந்தது. காந்தியடிகளின் அன்பு இருந்தது. இவை எதுவும் இல்லாத, எழுத்தறியாத, கூலி வேலை செய்யும் பெண் ஒரு திட்டத்தை நடத்த முடியுமா?

கொத்துத் தலைவி

முடியும் என்று காட்டியவர் மதுரை அழகர்கோயில் பகுதியிலுள்ள புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளி. நாற்று நடவும் களையெடுக்கவும் அறுவடைக்கும் பெண்களைக் கொத்தாகச் சேர்த்து அழைத்துச் செல்வதும், நில உரிமையாளரிடம் கூலி பேசுவதும், வாங்கிய கூலியைக் குறைவின்றிப் பங்கிடுவதும் அவர் பொறுப்பு. நிருவாகவியல் பாடநூல்கள் எவற்றைத் தலைமைப் பண்புகள் என்று வரிசைப்படுத்துகின்றனவோ, அவை அத்தனையும் இந்த வேலையில் உள்ளன. அதைத் தலைமை என்று நாம் அழைப்பதில்லை, அவ்வளவே.

1990-ஆம் ஆண்டில் 'பிரதான்' என்னும் அமைப்பு மதுரைப் பகுதியில் களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களைத் தொடங்கியது. 1997-இல் அப்பணி 'தானம்' அறக்கட்டளையின் கீழ் வந்தது. ஏறத்தாழ இருபது பெண்கள் சேர்ந்தால் ஒரு களஞ்சியம். பல களஞ்சியங்கள் சேர்ந்தால் ஒரு வட்டாரக் களஞ்சியம். சின்னப்பிள்ளை தன் ஊர்க் குழுவிலிருந்து வட்டாரத் தலைவியாகி, பின்னர் களஞ்சிய இயக்கத்தின் தலைவியுமானார். ஊர்க் கண்மாயில் மீன்பிடிக்கும் உரிமைக்காகப் பெண்களைத் திரட்டிப் போராடினார். 2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருதை வழங்கிய பிரதமர் வாஜ்பாய், குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். அந்தப் படம் நாடெங்கும் வெளியாயிற்று. 2019-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

படம் பலர் நினைவில் இருக்கிறது. அதற்குப் பின்னிருந்த கணக்கு நினைவில் இல்லை. அதைச் சற்று விரிவாகக் காண்போம். இருபது பெண்கள் மாதம் 20 ரூபாய் சேமித்தால் மாதத்துக்கு 400, ஆண்டுக்கு 4,800 ரூபாய். மிகச் சிறு தொகைதான். ஆனால் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டிக்கு வெளியில் கடன் வாங்கும் பெண், 1,000 ரூபாய்க்கு ஆண்டில் 1,200 ரூபாயை வட்டியாகவே இழக்கிறாள். அசல் அப்படியே நிற்கிறது. குழுவில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 240 ரூபாய். அந்த 240 ரூபாயும் வெளியார் பெட்டிக்குப் போகாமல் அவளும் பங்காளியாக உள்ள குழுவின் பொது நிதிக்கே திரும்புகிறது. 1992-இல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியபோது, ஈடு எதுவும் இன்றிக் கடன் தரலாம் என்ற துணிவு வங்கிகளுக்கு மெல்ல மெல்ல ஏற்பட்டது. தமிழக அரசும் 1989-இல் தருமபுரியில் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, 1997-இல் மகளிர் திட்டமாக விரிவுபடுத்தியது.

நம் தேனி மாவட்டத்துக்கு வருவோம். வருசநாட்டு மலையடிவாரத்தில் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பகுதிப் பெண்களின் குழுக்கள் சேர்ந்து கடமலை களஞ்சிய வட்டார சங்கம் ஆயின. இச்சங்கம் 2000-ஆம் ஆண்டில் தன் உறுப்பினர் குடும்பங்களுக்கென மருத்துவக் காப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. காப்பீட்டுக் கம்பெனி எதுவும் நடுவில் இல்லாமல் சங்கமே சந்தா வாங்கிச் சங்கமே மருத்துவச் செலவைத் தந்தது. அரசின் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது 2009-இல்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

சேமிப்புக் குழுவை நடத்துவதைவிட இது பன்மடங்கு கடினமான வேலை. சேமிப்பில் போட்ட பணம் போட்டவளுக்கே சேரும். காப்பில் போட்ட பணம், நோயே வராதவளுக்குத் திரும்பாது. "நான் கட்டிய பணம் எங்கே?" என்று ஆண்டு முடிவில் ஒருத்தி கேட்பாள். இன்ன நோய்க்கு உண்டு, இன்னதற்கு இல்லை என்று மறுக்க வேண்டியவளும் அதே தெருக்காரியே. மறுத்த பின்பும் மறுநாள் அதே குழாயடியில் இருவரும் குடம் வைத்தாக வேண்டும்! கூட்டம் போட்டுக் கைதட்டு வாங்குவது திட்டத் தலைமையின் எளிய பகுதி. முகத்துக்கு நேரே நியாயமாக 'இல்லை' என்று சொல்வதே அதன் அரிய பகுதி.

மறுபக்கம்

புகழ்ச்சி மட்டுமே பாடினால் இது ஆய்வுக் கட்டுரை ஆகாது. முதலாவதாக, குழுத் தலைவியின் உழைப்புக்குப் பல இடங்களில் ஊதியம் இல்லை. வங்கிக்குப் போகும் நாளில் அவளுக்குக் கூலி நட்டம். ஆண் செய்தால் உத்தியோகம், பெண் செய்தால் தொண்டு என்னும் பழைய கணக்கு இங்கும் புகுந்துவிடுகிறது. இரண்டாவதாக, குழு நடைமுறையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட நுண்கடன் கம்பெனிகள் சேமிப்பை விட்டுவிட்டுக் கடனை மட்டும் எடுத்துக்கொண்டன. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் நிற்கும்படி ஆயிற்று. வசூலில் வன்முறையையும் வற்புறுத்தலையும் தடுக்கத் தமிழக அரசு 2025-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. தலைவி என்ற பெயரில் ஊதியமில்லாத வசூல்காரியை உருவாக்குவது தலைமை அன்று.

மூன்றாவது, வீட்டுக்குள் இருக்கும் தடை. உள்ளாட்சியில் பெண்களுக்கான ஒதுக்கீடு 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்காக நடைமுறைக்கு வந்து, 2016-இல் சரிபாதியாக்கச் சட்டம் செய்யப்பட்டது. குழுவில் பேசிப் பழகிய பெண்கள் பலர் உறுப்பினர்களாயினர். ஆனால் மனைவி கையெழுத்துப் போட, கணவர் நாற்காலியில் அமரும் காட்சியும் உண்டு. குழுவில் கணக்கு நோட்டைத் தானே வைத்திருந்தவளிடம் இந்த வித்தை அவ்வளவு எளிதில் செல்வதில்லை என்பது என் கருத்து.

கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம் ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் மலையேறி இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் பெண்களை நாம் அறிவோம். ஆள் சேர்ப்பவள், கூலி பேசுபவள், வராதவளுக்குப் பதில் ஆள் தேடுபவள் என்று அவர்களிடையேயும் கொத்துத் தலைவிகள் உண்டு. தொண்டு நிறுவனங்கள் புதிய தலைவிகளைப் பயிற்சி முகாம்களில் தேடுவதற்கு முன் இந்த ஜீப்புகளில் தேடலாம். இவர்கள் மாலையில் இறங்கி, உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறிட்ட பின்பே குழுக்கூட்டத்துக்கு வர இயலும். ஆகையால் கூட்டம் இரவு எட்டு மணிக்குமேல் நடப்பதே அவர்களுக்கு வசதி. அவ்வேளையில் வந்து கணக்கு எழுதப் படித்த பெண் ஒருத்தி வேண்டும். வட்டாரச் சங்கங்களில் கணக்காளராகச் சம்பளத்துக்குப் பணிபுரிபவர்கள் பெரும்பாலும் உள்ளூரில் படித்த இளம் பெண்களே. நம் கல்லூரி வணிகவியல், பொருளியல் மாணவியருக்கு இது பொருத்தமான வேலை. இரவு ஒன்பதரை மணிக்குக் கூட்டம் முடிந்தபின் அவள் தன் வீட்டுக்கு எப்படித் திரும்புவாள், யார் துணைக்கு வருவார்கள் என்பதை மட்டும் சங்கத்துப் பெண்களே கூடி முடிவு செய்தாக வேண்டும்.