பழைய நான்கு சில்லு இழுவை வண்டி: கழற்றுமுன் கண்டறிவோம்

மாரி தொடங்கி வயல் வீதிகள் சேறாகிய பின்னர், விதைநெல்லையும் பசளையையும் உள்ளே கொண்டு போவதற்கும் நோயாளியை வெளியே கொண்டு வருவதற்கும் நான்கு சில்லும் இழுக்கும் வண்டி ஒன்று ஊரில் இருப்பது பெரும் உதவியாகும். புதியது வாங்க எம்மால் இயலாது. இலாகாக்களும் தோட்டங்களும் பாவித்துக் கழித்த பழைய லான்ட் றோவர்களும் ஜீப்புகளுமே எமது கைக்கு வருகின்றன. அவை வழியில் நின்றால் பட்டினத்துக் கராஜுக்கு இழுத்துச் செல்லும் கூலியே எம்மைக் கடனாளியாக்கிவிடும். ஆகவே கோளாறு எங்கே என்பதை நாமே கண்டறியப் பழகவேண்டும். கழற்றத் தெரிந்தவர் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. கழற்றுமுன் யோசிப்பவர்தான் குறைவு.

இப்பாடத்துக்கு லான்ட் றோவரின் இரண்டாம், மூன்றாம் வரிசை வண்டிகளை எடுத்துக்கொள்கிறோம். இரண்டாம் வரிசை 1958இலும் மூன்றாம் வரிசை 1971இலும் வெளிவந்தன. மூன்றாவது 1985இல் நிறுத்தப்பட்டது. பழைய ஜீப்புகளிலும் இழுவை செல்லும் வழி பெரும்பாலும் இதே ஒழுங்கிலேயே அமைந்திருக்கும்.

முதலில் உயிரைப் பற்றிய விடயம். சாதாரண காரில் கை பிறேக் பின்சில்லுகளையே பிடிக்கும். லான்ட் றோவரில் அப்படியல்ல. அது கியர்ப்பெட்டியின் பின்னால் உள்ள ஒரு டிறம்மைப் பிடித்து, பின்பக்கம் செல்லும் புறொப்பெல்லர் சாப்ற்றை மட்டுமே நிறுத்துகிறது. இதனால் பின்சில்லு ஒன்றை ஜக்கில் உயர்த்தியதும், உயர்ந்த சில்லு ஒரு பக்கம் சுழல, நிலத்தில் உள்ள சில்லு மறுபக்கம் உருளலாம். டிபரென்சலின் வேலையே இரு சில்லுகளையும் வேறு வேறாகச் சுழல விடுவதுதான். கை பிறேக் இறுக்கமாகப் போட்டிருந்தும் வண்டி ஜக்கிலிருந்து நழுவி விழுவது இப்படித்தான். கியரில் விட்டிருந்தாலும் இதே கதைதான்.

எனவே ஜக்கைத் தொடுமுன் நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அடைக்கட்டை வையுங்கள். நான்கு சில்லு இழுவையையும் போட்டுவிடுங்கள். அப்போது முன்சில்லுகளும் சேர்ந்து பிடிக்கும். ஜக்கின் அடியில் தடித்த பலகை இருக்கட்டும். வண்டிக்குக் கீழே போவதாயின் அக்சிலின் கீழ் பனங்குற்றியோ தடித்த மரக்குற்றியோ கொடுத்த பின்னரே போகவேண்டும். சீமெந்துக் கல்லும் செங்கல்லும் பாரத்தில் திடீரென நொறுங்கும், அவற்றை நம்பவேண்டாம்.

அடைக்கட்டைகளை எப்போதும் வண்டியிலேயே வைத்திருங்கள். வண்டி நின்ற இடத்தில் கல் தேடிப் பற்றைக்குள் இறங்குவது எம்மவர் வழக்கம். கண்ணிவெடி அகற்றப்பட்டது என உறுதிப்படுத்தப்படாத நிலத்தில் அந்தப் பத்து அடியும் ஆபத்தானது. சேற்றைச் சுற்றிப் போவதற்காகப் பாதையை விட்டு விலகுவதும் அதுபோன்றதே.

இனி இழுவை செல்லும் வழியைப் பார்ப்போம். எஞ்சின், கிளச், கியர்ப்பெட்டி, அதனோடு ஒட்டியுள்ள துணைக் கியர்ப்பெட்டி. அங்கிருந்து முன்னுக்கு ஒரு சாப்ற், பின்னுக்கு ஒரு சாப்ற். பின்பு டிபரென்சல், அக்சில் தண்டு, சில்லு. எஞ்சின் ஓடுகிறது, கியரும் விழுகிறது, ஆனால் வண்டி நகரவில்லை என்றால் இந்த வழியில் ஓர் இடத்தில் தொடர்பு அறுந்திருக்கிறது. எந்த இடம் என்பதுதான் கேள்வி.

சிவப்புத் தலையுள்ள நெம்பை முதலில் பாருங்கள். அது இடையில் நின்றால் எந்தச் சில்லுக்கும் இழுவை போகாது. இதை அறியாமல் கிளச்சைக் கழற்றியவர்களும் உண்டு. நெம்பு சரியாக இருந்தால், ஒருவர் ஆசனத்திலிருந்து முதலாம் கியரில் கிளச்சை மெதுவாக விட, மற்றவர் பக்கவாட்டில், வண்டிக்குச் சற்று எட்டவே குனிந்து நின்று பின் சாப்ற்றைப் பார்க்கட்டும். கீழே படுக்கக் கூடாது. சாப்ற் சுழலாவிட்டால் கோளாறு கிளச்சிலோ கியர்ப்பெட்டியிலோ. சாப்ற் சுழன்றும் வண்டி நகராவிட்டால் அக்சில் தண்டு முறிந்திருக்கும், அல்லது டிபரென்சல் உடைந்திருக்கும்.

இந்த வண்டிகளில் பின் அக்சில் தண்டு முறிவது அடிக்கடி நடப்பது. பாரம் ஏற்றி, சேற்றில் புதைந்த நிலையில் கிளச்சைப் படாரென விடுவதே பெரும்பாலும் காரணம். எஞ்சினை நிறுத்தி, மேற்சொன்னபடி அடை வைத்து, கை பிறேக்கைப் போட்டு, பின்சில்லு ஒன்றை உயர்த்திக் கையால் சுற்றிப் பாருங்கள். சிறிது ஆடி நின்றுவிட்டால் தண்டுகள் நலம். தடையின்றிச் சுற்றினால் இரு பக்கத்தில் ஒன்று முறிந்துள்ளது. எந்தப் பக்கம் என்பதை உருவிப் பார்த்தே அறியலாம். இங்கே அமைப்பு எமக்குச் சாதகமாக உள்ளது: வண்டியின் பாரத்தைத் தாங்குவது அக்சில் கூடு, தண்டு அல்ல. ஆகவே சில்லைக் கழற்றாமலே அதன் நடுவில் உள்ள மூடியைச் சுற்றியுள்ள போல்ற்றுகளைக் கழற்றி, தண்டை வெளியே இழுக்கலாம். முறிந்தது குட்டையாக வரும்.

உள்ளே தங்கிய துண்டையும் எடுத்துவிட்டால், நான்கு சில்லு இழுவையைப் போட்டு முன்சில்லுகளின் இழுவையில் மெதுவாக வீடு வரலாம். திறந்த இடத்தைப் பொலித்தீனால் மூடி இறுக்கிக் கட்டுங்கள். ஒயிலும் போகாது, மணலும் ஏறாது. துண்டு வராவிட்டால் அப்படியே ஓட்டவேண்டாம், அது டிபரென்சலின் பற்களை அரைத்துவிடும். இந்த நிலையில் இழுவை நெம்பை எடுத்துவிட்டால் கை பிறேக் எதையுமே பிடிக்காது என்பதையும் மறக்கலாகாது. நிறுத்தும்போதெல்லாம் அடைக்கட்டை வேண்டும்.

அடுத்த கோளாறு முறிவு அல்ல, பழக்கம். மஞ்சள் தலையை அழுத்தினால் முன்சில்லுகளும் இழுக்கும். வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளை விடக் கூடிய தூரம் ஓடுகின்றன. சேற்றிலும் மணலிலும் சில்லு சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் வீதியில் வழுக்க இடமில்லை. தண்டுகளும் கியர்களும் முறுக்கேறும். ஸ்ரியறிங் கனக்கும், நெம்பு அசையாது, ரயர் தேயும். நேரே சில யார் பின்னோக்கி ஓட்டினால் முறுக்குத் தளரும். பின்பு வண்டியை முற்றாக நிறுத்தி, சிவப்பு நெம்பைப் பின்னே இழுத்து மறுபடி முன்னே தள்ள, மஞ்சள் தலை மேலெழும். முன்னுக்குப் புதிய ரயரும் பின்னுக்குத் தேய்ந்த ரயரும் போட்டால், நேரான தார் வீதியிலும் இதே முறுக்கு உண்டாகும். நான்கும் ஒரே அளவாக இருக்கட்டும்.

புறப்படும்போது “டக்” என்று ஒலி வந்தால் சாப்ற்றின் முனைகளில் உள்ள சிலுவை வடிவ மூட்டைச் சோதியுங்கள். எஞ்சினை நிறுத்தி, அடை வைத்து, மூட்டின் இருபுறமும் பிடித்துத் திருகும்போது சிலுவையிலேயே ஆட்டம் தெரிந்தால் அது தேய்ந்துவிட்டது. சாப்ற்றை இரண்டாக இழுத்துப் பிரிப்பதாயின் முதலில் இரு துண்டிலும் பெயின்ற்றால் ஒரே கோடு இடுங்கள். இரு முனை மூட்டுகளும் ஒரே நேரில் அமையாவிட்டால் வண்டி ஓடும்போது அதிரும்.

முன்சில்லு ஆடினால், அதை உயர்த்தி மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஒருவர் கால் பிறேக்கை மிதிக்கும்போது ஆட்டம் நின்றால் சில்லுப் பெயறிங். நிற்காவிட்டால் ஸ்ரியறிங் திரும்பும் முளை.

தாம்போதியில் நீர் பாய்ந்தபோது கடந்திருந்தால் அக்சில் ஒயிலைப் பாருங்கள். ஓடிச் சூடான அக்சில் நீரில் சட்டென ஆறும்போது உள்ளே காற்றுச் சுருங்கி வெளியே உள்ளதை உறிஞ்சும். அதற்கெனக் கூட்டின் மேல் ஒரு சிறு மூச்சுத் துளை உண்டு. அது சேற்றால் அடைபட்டிருந்தால் சீல் வழியே நீர் புகும். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் முழுவதையும் வடித்து மாற்றவேண்டும். ஒயில் செலவுதான். ஆனால் டிபரென்சலின் விலையை விசாரித்துப் பாருங்கள்.

பழைய பெற்றோல் எஞ்சின் வண்டி வாங்குவோருக்கு இன்னொன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் ஓடிய பல வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டவை. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்து, பெயறிங்குகளைத் தேய்த்திருக்கும். வாங்குமுன் எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஒயில் அழுத்தத்தையும் அடித்தட்டும் ஒலியையும் கவனியுங்கள்.

டிபரென்சலின் உட்பற்களைச் சரிசெய்வதை மட்டும் கராஜுக்கு விட்டுவிடுங்கள். அங்கே மெல்லிய தகடுகள் இட்டு மயிரளவு இடைவெளி பார்க்கவேண்டும். அதற்கு அளவுகருவி தேவை. கூட்டோடு கழற்றி, சாக்கில் சுற்றி, பஸ்ஸிலோ உழவு இயந்திரப் பெட்டியிலோ கொண்டு போகலாம். வண்டி வீட்டிலேயே நிற்கட்டும்.