240 கொக்கியும் ராமானுஜன் கணக்கும்

கேள்வி: எங்கள் தறியில் 240 கொக்கி ஜக்கார்டு. 24 கொக்கிக்கு ஒரு பூ, 30க்கு ஒன்று, 40க்கு, 48க்கு என்று எப்படிப் பிரித்தாலும் மீதி விழுவதில்லை. 240க்கு அப்படி என்ன விசேஷம்? ராமானுஜன் இந்த மாதிரி எண்களை ஆராய்ந்தார் என்கிறாள் பத்தாவது படிக்கும் என் மகள். நிஜமா? எவ்வளவு பெரிய எண் வரை போனார்?
– பட்டு நெசவாளர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: மகள் சொன்னது நிஜம். 240ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 20. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை, 180க்குக்கூட 18தான். அடுத்த எண்ணான 241 பகா எண். 1ஐயும் 241ஐயும் விட்டால் எதற்கும் வகுபடாது. தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களை ‘மிகு பகு எண்கள்’ என்பார்கள். 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் ராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை இவற்றைப் பற்றியதுதான். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்ததும் இந்த ஆய்வுக்காகவே. சிறுபிள்ளையாகச் சில காலம் உங்கள் ஊரில் வாழ்ந்தவர் அவர் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்.

காரணிகளை எண்ணுவது எளிது. 240 என்பது நான்கு 2, ஒரு 3, ஒரு 5 பெருக்கி வருவது. ஒரு காரணியை உருவாக்க 2ஐ எடுக்காமல் விடலாம், அல்லது நான்கு வரை எடுக்கலாம்: 5 வழி. 3க்கு 2 வழி, 5க்கு 2 வழி. 5 × 2 × 2 = 20.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு 2, இரண்டு 3, ஒரு 5 சேர்ந்தால் 90. அதற்கு 12 காரணிகள். 2ஐ இரண்டாக்கி 3ஐ ஒன்றாக்கினால் 60, அதற்கும் 12தான். 60 சிறியது, ஆகவே 90 தோற்றது. அதனால்தான் மிகு பகு எண்ணில் சிறிய பகா எண்ணைவிடப் பெரியது அதிக முறை வருவதே இல்லை.

ராமானுஜன் பட்டியலின் கடைசி எண் 6746328388800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. 7 × 5 × 3 × 3, அதோடு ஐந்து முறை 2: காரணிகள் 10,080. கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட பட்டியல் அது! அதில் 293318625600 மட்டும் விடுபட்டுப்போனது. கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் வருவது அதுதான். இதனால் அவர் பெருமை ஓர் இழைகூடக் குறையாது.

240க்கு அடுத்த மிகு பகு எண்ணை மகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடை 360, காரணிகள் 24.