சடத்துவமும் நம் பாதுகாப்பும்



ஒரு குவளையின் வாயை அட்டையால் மூடி, அதன்மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். அட்டையை விரலால் விரைந்து சுண்டுங்கள். அட்டை பறந்துவிடும்; நாணயமோ குவளைக்குள் விழும். அசையாதிருந்த நாணயம் அசையாதிருக்கவே முயன்றது. ஓடும் பொருளும் அவ்வாறே ஓடிக்கொண்டிருக்க முயலும். இவ்வியல்பே சடத்துவம் எனப்படும். புறவிசை தாக்கினாலன்றிப் பொருளின் நிலை மாறாது என்பதை ஐசக் நியூட்டன் 1687-ஆம் ஆண்டில் தம் முதல் இயக்க விதியாக வெளியிட்டார்.

பால் வாளி ஏற்றிய மோட்டார் சைக்கிள் திடீரென நின்றால், பால் முன்புறமாகச் சிந்தும். பால்மரம் வெட்டும் பெற்றோர் இதனை நன்கறிவர். வண்டி நின்றது, பால் நிற்கவில்லை.

பள்ளிப் பேருந்தில் நீங்களும் அந்தப் பாலைப் போன்றவர்களே. பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, உங்கள் உடலும் வினாடிக்கு 10 மீட்டர் விரைகின்றது. பேருந்து நிற்குமுன் குதித்தால், தரையைத் தொட்ட பாதம் நிற்கும். உடலோ முன்னோக்கிச் சென்று வீழும்.

ஆகவே, வண்டி முற்றிலும் நின்ற பின்னரே இறங்குங்கள். பெற்றோரே, காரின் பின்னிருக்கையிலும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வாரை அணிவியுங்கள். சிந்திய பாலை மரம் மீண்டும் தரும். இழந்த உயிரை யார் தருவார்?