மாமாவின் மோரிஸ் மைனர்

பினாங்குப் பெருநிலத்தின் வடபகுதியில், இரயில் பாதையை ஒட்டி அமைந்த ஊர் தாசேக் கெலுகோர். அங்குதான் என் தாய்மாமா வசித்தார். 1990களில் பள்ளி விடுமுறை வந்தாலே நான் அங்குப் போய்விடுவேன். வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில், துருப்பிடித்த இரண்டு கதவு மோரிஸ் மைனர் மகிழுந்து ஒன்றை அவர் புதுப்பித்துக் கொண்டிருந்தார்.

அந்த வண்டிக்குத் தனி அடிச்சட்டகம் கிடையாது; உடலே பாரத்தைத் தாங்கும். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் இரும்புப் பகுதிதான் அதன் இடுப்பு. வலப்பக்க இடுப்பு துருவால் உளுத்திருந்தது. மாமா அதை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைத்தார். பிறகு தேய்த்து, மெருகேற்றி, இளம்பச்சைச் சாயமும் பூசினார். எல்லாம் முடிந்த பிறகே கதவுகளை மாட்டினோம்.

இடப்பக்கக் கதவு ‘டக்’கென்று சாத்திக்கொண்டது. வலப்பக்கக் கதவோ மேல்மூலையில் இடித்தது. பூட்டும் தன் கொக்கியில் சேரவில்லை.

“கீலைக் கொஞ்சம் நகர்த்தினால் சரியாகிவிடும், மாமா,” என்றேன். மாலைவரை நகர்த்திப் பார்த்தோம். ஒரு மூலை சரியானால் இன்னொரு மூலை இடித்தது. பார்க்க வந்த நண்பர், கதவின் ஓரத்தை அராவி விடும்படி யோசனை சொன்னார்.

மாமா பதில் பேசாமல் அளவு நாடாவை எடுத்தார். இரு பக்கக் கதவுத் திறப்புகளின் மேலகலத்தையும் அளந்தார். வலப்பக்கம் 6 மில்லிமீட்டர் குறைவாக இருந்தது.

“கதவு சரியாகத்தான் இருக்கிறது, தம்பி. வண்டிதான் வளைந்துவிட்டது,” என்றார்.

தகட்டை வெட்டியபோது வண்டியை முன்னும் பின்னும் மட்டுமே முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார். இடுப்பை இழந்த உடல் நடுவில் சற்றுத் தொய்ந்தது. கதவின் இருபுறத் தூண்களும் மேலே நெருங்கின. அந்த நிலையிலேயே புதுத் தகடு பற்றவைக்கப்பட்டதால் பிழை நிலைத்துவிட்டது. கதவை மாட்டிப் பார்த்துவிட்டுப் பற்றவைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

“சாயம் பூசியாயிற்றே, மாமா!” எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா என்னை வண்டியின் முன்புறம் அழைத்துச் சென்றார். என்ஜின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டையைக் காட்டி, ஒரு செய்தி சொன்னார். இந்த வண்டியை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948ஆம் ஆண்டு வெளியீட்டுக்கு முன், ஏறக்குறைய எல்லாம் முடிவான நிலையில், வண்டி மிகவும் ஒடுங்கலாக இருப்பதாக அவருக்குப் பட்டது. மாதிரி வண்டியை நெடுக இரண்டாக வெட்டச் செய்தார்; பாதிகளை நகர்த்திப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். அந்த அகலத்துக்காகச் சேர்ந்ததுதான் மூடியின் பட்டை. முன்பே தயாராகியிருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி இடைத்துண்டு வைக்க வேண்டியதாயிற்று. அத்தகைய வண்டிதான் பின்னாளில் பத்து இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது.

மறுநாள் காலையில் மின்கலத்தையும் பெட்ரோல் தொட்டியையும் கழற்றினோம். தீப்பொறி பறக்கும் வேலைக்கு முன் இதைச் செய்யாமல் விடக்கூடாது. மாமா புதுத் தகட்டின் இணைப்புகளை மறுபடியும் வெட்டினார். பச்சைச் சாயம் கருகிச் சுருண்டது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நடுவில் ஜாக்கியை வைத்து அவர் மெல்ல உயர்த்த, நான் மேலகலத்தை அளந்து சொன்னேன். ஐந்து, மூன்று, ஒன்று... இடப்பக்க அளவு வந்ததும் திறப்பின் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியைத் தற்காலிகமாகப் பொருத்தினார். ஓரிரு புள்ளிகளில் மட்டும் பற்றவைத்து, கம்பியை எடுத்துவிட்டுக் கதவை மாட்டினோம். இடிக்கவில்லை. அதன் பிறகே முழுவதும் பற்றவைத்தார்.

சாயத்தை அந்த இடத்தில் மட்டும் மீண்டும் பூசினோம். வெயிலில் பார்த்தால் நிறம் ஒரு சாயல் வேறுபட்டுத் தெரியும். “முழுவதையும் பூசிவிடலாமா?” என்று கேட்டேன். மாமா வலக்கதவைத் திறந்து, ஒரு விரலால் தள்ளினார். அது ‘டக்’கென்று சாத்திக்கொண்டது.

“சாயம் பிறகு பார்க்கலாம். ஏறு, பட்டர்வொர்த் வரை போய் வருவோம்,” என்றார்.